சாமான் லைன் பச்சை

கொண்டுபோன சாப்பாட்டை மூடி திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிற அவமானம் தனேஸ்வரிக்கு இந்த ஐம்பது வயதுக்குள் நேர்ந்ததில்லை.

வெஸ்ட்மீட் ஆசுபத்திரியின் கார் தரிப்பிடத்தில், வெயிலில் பழுத்துக் கிடந்த காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங் கையைச் சுட்டது. சுடட்டும் என்று இறுக்கிப் பிடித்தாள். பக்கத்து இருக்கையில் கோழி சூப், இடியப்பம், சொதி. ஹலால் கோழியாக இருக்க வேண்டுமென்று நேற்றே ஓபர்ன் கடைவரை போய் வாங்கிவந்து, விடிய எழும்பிக் காய்ச்சியது. எல்லாம் பையோடு அப்படியே இருந்தது.

மேலே வார்டில் நிஸ்தார் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். வலது காலில் முழங்காலுக்கு மேலும் கீழும் இரும்புக் கம்பிகள். அவன் மனைவி அமீருன்னிசா, தனேஸ்வரியைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“இதக் கொண்டு போங்க, அக்கா.”

“ஏன் பிள்ளை, அவர் சாப்பிடுறேல்லையோ?”

“சாப்பிடுவாரு. இதச் சாப்பிட மாட்டாரு. உங்கட மனிசன் போன்ல கதைச்சிட்டு நிண்டதாலதான் என்ட மனிசன் இப்பிடிக் கிடக்காரு. நாங்க வாயப் பொத்திட்டு இரிக்கிறம். அதுக்காக உங்கட சோத்தையும் திண்டுட்டு இரிக்க ஏலுமா?”

தனேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. “ஆர் சொன்னது, போனில கதைச்சவர் எண்டு?”

“உங்கட அண்ணன்தான். வியாழக்கிழமை வந்து இதே இடத்தில நிண்டு சொன்னவரு. உங்கட சொந்த அண்ணன் பொய்யா சொல்லுவாரு?”

“அண்டைக்கு அவரிட்டப் போனே இல்லைப் பிள்ளை. வீட்டில மறந்து விட்டிட்டுப் போனவர். அதுக்கு வந்த கோல் எல்லாம் நான்தான் எடுத்தனான்.”

“புருசனுக்காக நீங்க அப்பிடிச் சொல்லத்தானே வேணும்” என்றாள் அமீருன்னிசா. உள்ளே போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

காருக்குள் தனேஸ்வரி அழவில்லை. அவள் அழுகிற சாதி இல்லை. கோபம் வந்தால் அவளுக்குப் பல் கிட்டும். இப்போது கிட்டியிருந்தது.

அவளுடைய புருஷன் யோகநாதன் வேலை செய்வது கார்டெல் சந்தியில். மேற்கு சிட்னியில் பெரிய நிலையம் அது. உள்பக்கம் பயணிகள் ரயில் ஓடும் பாதைகள். அதற்கு வெளியே, கம்பி வேலியை ஒட்டிச் சரக்கு ரயில் பாதைகள். துறைமுகத்துப் பெட்டிகளும் கோதுமையும் நிலக்கரியும் பிளாட்போமில் நிற்கிறவர்களின் தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும். தண்டவாளத்தில் வேலை செய்கிற தமிழ் ஆட்கள் உள்பாதைகளுக்குச் சனம் லைன் என்றும் வெளிப்பாதைகளுக்குச் சாமான் லைன் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். கட்டை மாற்றுவது, கல் கொட்டுவது, வேலி அடைப்பது அவர்கள் வேலை. அதைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் தனேஸ்வரியின் மூத்த அண்ணன் சிறிதரன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை என்று எல்லா ஊர் ஆட்களும் அவரிடம் இருந்தார்கள். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து, ஒருவரும் வேலை கொடுக்காமல் அலைந்தவர்களையும் கூப்பிட்டு மஞ்சள் சட்டை கொடுத்தவர் அவர். அதை யாரும் மறுக்க முடியாது.

யோகநாதனுக்குக் காவல் வேலை. மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது அவர் குனியக்கூடாது. சிக்னல் பச்சையாக மாறி ரயில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வந்தால் ஹோர்னை அடித்து எல்லோரையும் வெளியேற்ற வேண்டும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்கு வருமுன், இளவயதில், சில வருஷம் ஜப்பானில் மூட்டை ஏற்றி இறக்கியவர் அவர். கவாசாகிக் கடலோரத்தில் ஹமகவாசாகி என்று ஒரு நிலையம். காலையிலும் மாலையிலும் தொழிற்சாலை ஆட்கள் வந்து இறங்குவார்கள், ஏறுவார்கள். மற்ற நேரமெல்லாம் சரக்கு வண்டிகள்தான் ராஜா. அங்கே ரயில்காரர்கள் வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி, ஒவ்வொரு சிக்னலையும் சுட்டிக்காட்டி, அது என்ன நிறம் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்கள். யோகநாதனுக்கு ஜப்பான் பாஷை வாயில் நுழையவில்லை. தமிழில் சொல்லத் தொடங்கினார். அது ஒட்டிக்கொண்டது.

கார்டெல் சந்தியிலும் அதேதான். விரலை நீட்டுவார். “சனம் லைன் சிவப்பு. சாமான் லைன் சிவப்பு. ஒண்டும் வரேல்ல.” நாள் முழுக்க இதே மந்திரம். “யோகண்ணன் ரயிலுக்குப் பூசை வைக்கிறாரு” என்று நிஸ்தார் சிரிப்பான். வீட்டிலும் வெளியே கிளம்புமுன் குசினி வாசலில் நின்று விரலை நீட்டுவார். “அடுப்பு நிண்டிட்டுது. பைப் பூட்டியாச்சு. பின்கதவு பூட்டியாச்சு.” விபத்து நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை போனுக்கு மட்டும் விரல் நீட்ட மறந்துவிட்டார்.

அன்று காலை பிளாட்போமில் நின்ற யாரோ ஒருவன் அவரை வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். தலையில் ஹெல்மெட், காதில் சத்தம் தடுக்கிற மூடி, கை காற்றில் நீள்கிறது, வாய் அசைகிறது. சத்தம் கேட்கவில்லை. மகள் சங்கரிதான் காட்டினாள். “அப்பா வைரல், அம்மா. ஸோ எம்பாரசிங்.” பின்னேரம் விபத்துச் செய்தி வந்தது. மூடியிருக்க வேண்டிய சாமான் லைனில் சரக்கு ரயில் வந்து, ஒரு தொழிலாளிக்குக் கால் நசுங்கியது என்று. அதன்பிறகு அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. திட்டினார்கள்.

யோகநாதன் வீட்டுக்கு வந்து சொன்னது ஒன்றுதான். “ட்ரெயின் வந்திட்டுது.” அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு விபத்து விசாரணை, அவர் போய்ச் சொல்ல வேண்டும்.

டூங்கபியில் வீட்டு வாசலில் சிறிதரனின் வெள்ளை வாகனம் நின்றது. தனேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே தன் காரை நிறுத்தினாள்.

குசினியில் ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் கால் கட்டிய பெரிய நண்டுகள், இன்னும் உயிரோடு. சிறிதரன் கதிரையில் சாய்ந்து, ஃபானுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே யோகநாதன், மடியில் தட்டம் வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நண்டுக் கறிக்கு இறக்குகிற நேரத்தில் போட.

“வா தனம். வெயிலுக்க எங்க போட்டு வாறாய்?” என்றார் சிறிதரன். “நல்ல நண்டு. நீ கறி வை. உன்ர கைக் கறி திண்டு எத்தினை நாள்.”

“ஆசுபத்திரிக்குப் போட்டு வாறன்.” பையை மேசையில் வைத்தாள். “அண்ணா, நீங்கள் நிஸ்தாரைப் பாக்கப் போனனீங்களோ?”

“ஓம், போனனான். பாவம் பெடியன்.”

“அங்க என்ன சொன்னனீங்கள்?”

“என்னத்தைச் சொல்லுறது? ஆறுதல்தான்.”

“இவர் போனில கதைச்சுக்கொண்டு நிண்டவர் எண்டதோ ஆறுதல்?”

முருங்கைக் காம்பில் இருந்த யோகநாதனின் விரல் நின்றது. “போனோ?” என்றார்.

சிறிதரன் ஃபானிலிருந்து முகத்தைத் திருப்பினார். “தனம், இது வேலைக் கதை. நீ இதுக்குள்ள தலையை விடாத. நானும் மச்சானும் கதைச்சு முடிச்சிட்டம்.”

“என்னத்தைக் கதைச்சு முடிச்சனீங்கள்?”

சிறிதரன் மறுபடி ஃபானுக்கு முகத்தைக் காட்டினார். தனேஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்களைத்தானப்பா கேக்கிறன். என்ன முடிவு?”

“சிக்னலைப் பிந்திக் கண்டனான் எண்டு நாளைக்குச் சொல்லுறதெண்டு.”

“பிந்தியோ கண்டனீங்கள்?”

“இல்லை.”

“அப்ப?”

யோகநாதன் முருங்கையிலையைப் பார்த்துப் பேசினார். “கண்ட உடன கத்தினனான். ஹோர்ன் அடிச்சனான். எல்லாரும் பாஞ்சிட்டினம். நிஸ்தார் மெஷினோட நிண்டவன். விட்டிட்டுப் பாயிறதுக்குள்ள...”

“லைன் மூடியிருக்கெண்டுதானே அவங்கள் இறங்கினவங்கள். மூடியாச்சு எண்டு ஆர் சொன்னது?”

ஐஸ் பெட்டிக்குள் ஒரு நண்டு சரசரவென்று உரசியது.

“நான்தான் சொன்னனான்” என்றார் சிறிதரன். “இப்ப என்ன? கொலை செய்ய வேணுமெண்டோ சொன்னனான்? அண்டைக்கு நாப்பதுக்கு மேல வெயில் எண்டு சொல்லியிருந்தவங்கள். மத்தியானத்துக்கு முன்னம் வேலையை முடிச்சு ஆக்களை ஏத்த வேணும். லைனை மூடச் சொல்லி ரயில் கொன்றோலுக்குப் போன் எடுத்தா ஹோல்டில போட்டிட்டான். பாட்டுத்தான் போகுது. அந்த லைனில அந்த நேரத்தில ஒரு நாளும் ட்ரெயின் வந்ததில்லை. ஒரு நாளும். அண்டைக்கெண்டு வேற எங்கேயோ லைன் பழுதாகி, அந்தக் கோதாரியை இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறாங்கள். எனக்கென்ன கனவே?”

“அப்ப அவங்கள் மறுமொழி சொல்லமுன்னமே நீங்கள் மூடியாச்சு எண்டு சொல்லிப்போட்டியள்.”

“சொல்லிப்போட்டன்.”

தனேஸ்வரி யோகநாதனிடம் கேட்டாள். “உங்களுக்கு அது தெரியுமோ?”

“மச்சான் போனைக் கீழ இறக்கிறதைக் கண்டனான். ஆரும் அவரோட கதைச்ச மாதிரித் தெரியேல்ல.”

“கேட்டிருக்கலாமே.”

“எப்பிடியப்பா கேக்கிறது?” முதல்முறையாக யோகநாதன் நிமிர்ந்தார். “அத்தினை பேர் பாத்துக்கொண்டு நிக்க, மச்சானைப் பாத்து, உண்மையா மூடினவங்களோ எண்டு நான் கேக்கிறதோ? அவர் ஆரெண்டு நினைச்சாய்? எங்கட கலியாணத்தை நடத்தி வைச்ச மனிசன்.”

யோகநாதனைப் போன்ற காவல்காரனுக்குச் சட்டம் ஒன்று இருந்தது. பாதை மூடியாயிற்று என்று யார் சொன்னாலும், யார் உறுதிப்படுத்தினார் என்று அவன் திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வந்தபிறகுதான் ஆட்களை இறங்க விடலாம். வேறு கொம்பனி மேற்பார்வையாளர்கள் வருகிற நாட்களில் யோகநாதன் கணீரென்று இங்கிலீசில் கேட்பார். சிறிதரன் நிற்கிற நாட்களில் கேட்பதில்லை. ஒருவருமே கேட்பதில்லை. அண்ணை சொன்னால் சரி. அண்ணையைத் திருப்பிக் கேட்டால், அது நம்பவில்லை என்று முகத்தில் அடித்துச் சொல்வது மாதிரி. வருஷக்கணக்காக அந்த மரியாதையில்தான் அந்தத் தண்டவாளத்தில் வேலை நடந்திருக்கிறது.

“அதுதான் நானும் யோசிச்சனான்” என்றார் யோகநாதன். “நான் கேக்காத குத்தம் இருக்குத்தானே. பிந்திக் கண்டனான் எண்டு சொல்லுறதில பெரிய பொய் இல்லையெண்டு.”

“பாத்தியோ, மச்சானுக்கு விளங்குது” என்றார் சிறிதரன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத் தங்கைக்குச் சொன்னார். “தனம், கேள். இவர் விழுந்தா ஒரு ஆள். கொஞ்ச நாள் காவல் வேலை செய்யேலாது, அவ்வளவுதான். பிறகு நான் வேற இடத்தில போட்டுவிடுவன். நான் விழுந்தா கொம்பனி போச்சு. அத்தினை குடும்பமும் ரோட்டில. வில்லாவுட்டால வந்த பெடியளுக்கு ஆர் வேலை குடுப்பான்? நீ குடுப்பியோ? நிஸ்தாரையும் ஆர் பாக்கிறது?”

“அந்தக் குடும்பங்களை நினைச்சோ போன் எண்டு சொன்னனீங்கள்?”

“பிந்திக் கண்டவர் எண்டா ஏன் பிந்தினது எண்டு கேப்பாங்களோ, இல்லையோ? ஒரு காரணம் வேணும். வீடியோவில வாய் அசையுது, காதில மூடி இருக்கு. பாக்கிறவன் போன் எண்டுதான் நினைப்பான். இவர் சிக்னலுக்கு விரல் நீட்டித் தேவாரம் பாடுறவர், அது ஜப்பான் பழக்கம் எண்டு அங்க போய் விளங்கப்படுத்த ஏலுமோ? சிரிப்பாங்கள்.”

“உங்களுக்குத் தெரியும், அது என்னெண்டு.”

“தெரியும். அதுக்கு?”

“தெரிஞ்சுகொண்டு, கால் முறிஞ்சு கிடக்கிறவன்ர பெண்சாதியிட்டப் போய்...”

“தனம்.” யோகநாதன் எழுந்தார். மடியிலிருந்த தட்டம் கவிழ்ந்து, ஆய்ந்த முருங்கையிலையெல்லாம் தரையில் பரவியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஆனால் அந்தக் குரலைத் தனேஸ்வரி அதுவரை கேட்டதில்லை.

“மச்சான், நான் கண் மங்கினவன் எண்டு சொல்லச் சம்மதிச்சனான். வயசு போட்டுது, பிந்திப்போனன் எண்டு சொல்லச் சம்மதிச்சனான். ஆக்கள் தண்டவாளத்தில குனிஞ்சு நிக்க, நான் போனில ஆரோடயோ சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவன் எண்டோ சொன்னனீங்கள்? நிஸ்தாரிட்டையோ? என்னை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவனிட்டையோ?”

“ஒரு பேச்சுக்கு...”

“எனக்கு அது பேச்சில்லை.”

“சரி. அப்ப என்ன செய்யப் போறீர்?” சிறிதரனும் எழுந்துவிட்டார். “என்னைக் காட்டிக்குடுக்கப் போறீர். செய்யும். அதுக்குப் பிறகு உமக்கு ஆர் வேலை தருவான்? ஜப்பான்காரனோ? நான் தூக்கி விட்டிராட்டி நீர் இண்டைக்கும் ஏதாவது ஹோட்டல் குசினியில கோப்பை கழுவிக்கொண்டுதான் நிண்டிருப்பீர்.”

யோகநாதனின் வாய் திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. அத்தனை வருஷப் பழக்கம் அதைப் பூட்டியதைத் தனேஸ்வரி கண்ணால் கண்டாள்.

அவள் போய் ஐஸ் பெட்டியை மூடினாள். தூக்கி அண்ணனின் கையில் கொடுத்தாள்.

“என்ன இது?”

“கொண்டுபோங்கோ. இந்த வீட்டில இண்டைக்கு நண்டு காய்ச்சிறேல்ல.”

“தனம், நீ யோசிச்சுத்தான் செய்யிறியோ? நான் உன்ர அண்ணன்.”

“அதைத்தான் அண்ணா அவளும் சொன்னவள். உங்கட சொந்த அண்ணன் பொய்யா சொல்லுவாரு எண்டு கேட்டவள்.”

சிறிதரன் வாசல் வரை போனார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவர் சப்பாத்தில் விழுந்தது. திரும்பி நின்றார். முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரு கணம் அவளை ஊரில் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணனின் முகம்.

“வாற மாசம் அம்மாட திவசம்.”

“வருவன்” என்றாள் தனேஸ்வரி. “அவ எனக்கும் அம்மா. வந்து கும்பிட்டிட்டுப் போவன். ஆனா உங்கட வீட்டில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டன்.”

வாகனம் போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. தனேஸ்வரி உள்ளே வந்தாள். யோகநாதன் தரையில் குந்தி முருங்கையிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அதை விடுங்கோ. சேர்ட்டைப் போடுங்கோ.”

“எங்க?”

“நீங்கள் எப்பவோ போயிருக்க வேண்டிய இடத்துக்கு. நிஸ்தார் இப்ப எழும்பியிருப்பார்.”

“நாளைக்கு அங்க சொல்லுறன்தானே தனம்.”

“நாளைக்கு அங்க உங்கட வாய் திறக்குமோ இல்லையோ எண்டு நான் இப்பதான் பாத்தனான். அண்ணா கோப்பை எண்ட உடன பூட்டிக்கொண்டுது. எழும்புங்கோ.”

காரை அவளே ஓட்டினாள். நெடுஞ்சாலையில் தார் மினுங்கியது. ஏசி ஊதியது வெக்கைக் காற்றுத்தான்.

நிஸ்தார் விழித்திருந்தான். தலையணையில் சாய்த்து இருத்தியிருந்தார்கள். முகம் காய்ந்த இலை மாதிரி இருந்தது. அமீருன்னிசா அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள். போங்கள் என்று சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

“நிஸ்தார்” என்றார் யோகநாதன், கட்டில் கால்மாட்டில் நின்று. “நான் போனில கதைக்கேல்ல.”

“எனக்குத் தெரியும்.”

அமீருன்னிசா சட்டென்று திரும்பினாள். “என்ன தெரியும்?”

“யோகண்ணன் போன் கதைக்கல்ல. சாமான் லைன் பச்சை எண்டு இவரு கத்தின சத்தத்திலதான் நான் மெஷினை விட்டிட்டுப் பாஞ்ச. ஹோர்ன் சத்தம் அதுக்குப் பிறகுதான் கேட்ட. அந்தக் கத்தல் இல்லாட்டி நீ என்ன வந்து ஆசுபத்திரியில பாத்திரிக்க மாட்டாய்.”

“அப்ப சிறிதரண்ணன் சொல்லக்குள்ள ஏன் என்கிட்டச் சொல்லல்ல? நான் காலையில அக்காவ வாசல்ல வச்சு...”

“இவரு வந்து சொல்லட்டும் எண்டு பாத்திட்டிருந்தன்.” நிஸ்தார் யோகநாதனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “வருவாரு, வந்து, இல்லடா நிஸ்தார், அது பொய் எண்டு சொல்லுவாரு எண்டு ஒவ்வொரு நாளும் கதவையே பாத்திட்டுக் கிடந்தன். நீங்க வரல்ல. மறுகா பொஞ்சாதிட்ட சூப்பக் குடுத்து அனுப்பினீங்க. அண்ணன், கால் நசுங்கினதுக்கு எனக்கு உங்களில கோவம் இல்ல. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, அதுக்குத்தான் கோவம். ரயிலுக்கும் கம்பத்துக்கும் நாள் முழுக்கச் சொல்லுவீங்க. மனிசனுக்குச் சொல்ல ஏலாமப் போச்சு.”

யோகநாதன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தனேஸ்வரிக்கு இரக்கம் வரவில்லை. வர விடவில்லை.

“நான் குனிஞ்சு நிண்ட” என்றான் நிஸ்தார். “மூடியாச்சு எண்டு ஒரு குரல்தான் கேட்ட. காத்துக்கும் மெஷின் சத்தத்துக்கும் ஆருட குரல் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது. நீங்க நிமிந்து நிண்டனீங்க. கண்ணால கண்டனீங்க. ஆரு சொன்ன?”

யோகநாதன் தனேஸ்வரியைப் பார்த்தார்.

“அக்காவப் பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க.”

யோகநாதன் நிஸ்தாரின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

“சிறிதரன்.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த நாள் வரை அவர் வாயில் மச்சான் என்றல்லாமல் அந்தப் பெயர் வந்ததில்லை. தனேஸ்வரிக்கு அது அண்ணனின் பெயர். கூடப் பிறந்தவன். அவள் கை தானாகவே பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பற்றிக்கொண்டது. பல் கிட்டியிருந்தது. பிரித்தாள்.

“கேக்கேல்ல” என்றாள் புருஷனிடம். “நாளைக்கு இதைவிடப் பெரிய அறை. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ.”